கடலை மிட்டாய் யூனிட்டுக்கு "ஏஐ சார்ட்டர்" வாங்கலாமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல்கடலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் கடலை மிட்டாய் யூனிட் வைத்திருக்கிறோம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். 2020இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் விசாரிப்பு கூடியிருக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்றும் பேச்சில் இருக்கிறது.

கடலையை வறுத்துத் தோல் நீக்கிய பிறகு பொறுக்கும் இடத்தில்தான் எங்களுக்குத் தலைவலி. கருகியது, சொத்தை, சுருங்கல், தோல் ஒட்டியது, சின்னக் கல் என்று எல்லாவற்றையும் பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்குகிறார்கள். கசந்த பருப்பு ஒன்று வாயில் பட்டால் போதும், அந்த வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார். இந்த நேரத்தில் ஒரு கம்பெனியிலிருந்து வந்து "ஏஐ கேமரா சார்ட்டர்" என்று, கேமராவில் பார்த்துக் கெட்ட பருப்பைப் பிரிக்கும் மிஷினைக் காட்டினார்கள். துல்லியம் 98 சதவீதமாம், பொறுக்க ஆளே வேண்டாமாம், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சையும் பிடித்துவிடுமாம். விலை எங்கள் அளவுக்குப் பெரியது. கடன் வாங்காமல் முடியாது.

கேட்க வேண்டியது இதுதான்: சொல்வதில் எவ்வளவு உண்மை? கடலைக்கு இது சரிப்படுமா? இல்லை, இதே காசை வேறு எதிலாவது போடலாமா?

---

காங்கேயம்_அரிசிமில் எழுதியது:

தம்பி, கலர் சார்ட்டரோடு பல வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவன் சொல்கிறேன், கேட்டுக்கங்க. அரிசி மில்லில் இது புதுசே இல்லை. மூட்டையில் "சார்டெக்ஸ்" என்று அச்சடித்தால்தான் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார் என்ற நிலைமை எப்பவோ வந்துவிட்டது. அது இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் பெயர். பிற்பாடு ஸ்விட்சர்லாந்தின் பூலர் வாங்கிக்கொண்டது. ஜப்பான் சடாகே, சீனாவின் ஹெஃபெய் ஊர் மிஷின்கள் என்று இப்போது நம் ஊரில் எல்லாமே ஓடுகின்றன.

வேலை இப்படி நடக்கும். மேலே ஹாப்பர், அதற்குக் கீழே வைப்ரேட்டர் தட்டு, அப்புறம் சூட் என்கிற சாய்வான சரிவுத் தகடு. அரிசி ஒற்றை வரிசையாக வழுக்கி வந்து கீழே விழும்போது முன்னாலும் பின்னாலும் இருக்கும் கேமரா பார்க்கும். கருப்பு, பழுப்பு, சுண்ணாம்பு போல வெளுத்தது தெரிந்தால் எஜெக்டர் காற்றை 'டக்' என்று அடித்துத் தள்ளிவிடும். மிஷின் ஓடும்போது மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்தே சரக்கு எப்படி என்று எங்கள் ஆபரேட்டர் சொல்லிவிடுவார்.

விற்கிறவர் சொல்லாத நாலு விஷயம் சொல்கிறேன். காற்றில் ஈரமோ எண்ணெயோ இருந்தால் எஜெக்டர் வால்வு ஒவ்வொன்றாகப் போகும். அதனால் மிஷின் விலையோடு நல்ல கம்ப்ரசர், ஏர் டிரையர், ஃபில்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்க. கரண்ட் செலவில் பெரிய பங்கு கம்ப்ரசருக்குத்தான் போகும். அடுத்து, எஜெக்டர் அடிக்கும்போது கெட்டதோடு பக்கத்தில் விழுகிற நல்லதும் சேர்ந்து போகும். மிஷின் தாங்கும் அளவுக்கு மேல் கொட்டினால் இது இன்னும் கூடும். கண்ணாடியில் தூசி படிந்தால் நல்ல சரக்கையும் கெட்டது என்று அடிக்கும். எங்களுக்கு வருவது தவிட்டுத் தூசி, துடைத்தால் போய்விடும். உங்களுக்கு வறுத்த கடலை, எண்ணெய்ப் பசையும் சேரும். அந்தக் கண்ணாடியை யார், எத்தனை மணிக்கு ஒருதரம் துடைப்பது என்று இப்பவே முடிவு பண்ணிக்கங்க.

ஏஐ என்கிறார்களே, அது எதற்கு? பழைய மிஷின் நிறத்தை மட்டும் பார்க்கும். புதுசு வடிவம், மேல்பரப்பு எல்லாம் சேர்த்துப் பார்க்கிறது. வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சரிவுத் தகடும் காற்றும் சரியில்லை என்றால் மூளை எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லைங்க.

---

கண்ணாடி_கோடர் எழுதியது:

கோவையில் மெஷின் விஷன் வேலை பார்க்கிறேன். உணவு ஆலைகளுக்கும் செய்திருக்கிறோம். அந்த 98 சதவீதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கடலையில் 1000 பருப்புக்கு 10 கெட்டது என்று வைத்துக்கொள்வோம். எதையுமே தள்ளாமல் "எல்லாம் நல்லது" என்று சொல்லும் ஒரு வெற்றுப் பெட்டிக்குத் துல்லியம் எவ்வளவு? 990 சரி, 10 தப்பு. ஆக 99 சதவீதம்! கம்பெனிக்காரர் சொன்னதைவிட ஒன்று கூடுதல். அதனால் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் வாங்காதீர்கள்.

கேட்க வேண்டியவை இரண்டு. கெட்டதில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது? நல்லதில் எத்தனை சதவீதம் வீணாகத் தள்ளப்படுகிறது? இரண்டிலும் மிஷின் 98 சதவீதம் சரி என்றே வைப்போம். 10 கெட்டதில் கிட்டத்தட்ட எல்லாம் பிடிபடும், சரி. ஆனால் 990 நல்லதில் 2 சதவீதம், அதாவது 20 பருப்பு, ரிஜெக்டுக்குப் போகும். ரிஜெக்ட் பெட்டியில் இருக்கும் 30இல் 20 நல்ல கடலை. ஒரு டன் ஓட்டினால் 20 கிலோ நல்ல கடலை கழிவுக்குப் போகிறது.

இதற்கு வழி உண்டு. ரிஜெக்டை மறுபடி சார்ட்டரில் விடலாம், இல்லை கையால் பொறுக்கலாம். ஒரு டன்னைப் பொறுக்குவதற்குப் பதில் 30 கிலோவைப் பொறுக்கினால் போதும் என்றாலே பெரிய லாபம். ஆனால் "ஆளே வேண்டாம்" என்பது வேறு, "ஆட்கள் 30 கிலோவை மட்டும் பார்த்தால் போதும்" என்பது வேறு. கம்பெனிக்காரர் முதலாவதை விற்கிறார், உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டாவது.

---

கரிசல்கடலை எழுதியது:

அண்ணாச்சி, கண்ணாடி பற்றி யாருமே சொல்லவில்லை, நன்றி. கோடர் தம்பி, இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டினேன். "அதெல்லாம் டிரெய்னிங்கில் சரியாகிவிடும் சார்" என்கிறார். அஃப்ளாடாக்சின் விஷயம் என்ன? ஏற்றுமதிக்கு அதுதான் முக்கியம்.

---

செல்வி_லேப் எழுதியது:

உணவு ஆய்வகத்தில் இருக்கிறேன். நிலக்கடலை மாதிரிகள் எங்களுக்குத் தினசரி வரும். கேமராவால் அஃப்ளாடாக்சினைப் பார்க்க முடியாது, இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அது பூஞ்சை உண்டாக்கும் நச்சு, கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருப்பது. கேமரா பார்ப்பது பூஞ்சை பட்ட பருப்பின் நிறமாற்றம், சுருக்கம், சேதம் இவற்றைத்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வெளியே பளிச்சென்று இருந்து உள்ளே பூஞ்சை பிடித்த பருப்பும் உண்டு.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தோல் நீக்கிய பிறகு கலர் சார்ட்டரில் விடுவது, கடலையில் அஃப்ளாடாக்சினைக் குறைக்க உலகம் முழுக்க ஆலைகள் நம்பும் முறை. தோல் போனதும் நிறம் மாறிய பருப்பு நன்றாகத் தெரியும் என்பதால். நீங்கள் வறுத்துத் தோல் நீக்கிய பிறகுதான் பொறுக்குகிறீர்கள், ஆகவே மிஷினை அதே இடத்தில் வையுங்கள். பச்சைக் கடலையில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

இந்த நச்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் ஏகமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலைக்கு வரம்பு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம், அதில் பி1 என்ற வகை மட்டும் 2. அரை கிராம் எடையுள்ள ஒரே ஒரு பருப்பில் 5 மைக்ரோகிராம் இருந்தால் அந்த ஒரு கிலோ அதோடு முடிந்தது. அதனால்தான் கைப்பிடி அள்ளிக் கொடுத்து "டெஸ்ட் பண்ணித் தாங்க" என்று கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும். அங்கே பெரிய லாட்டுக்கு 20 கிலோ மாதிரி எடுக்கிறார்கள், பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. அதை அரைத்துக் கலக்கிய பிறகுதான் சோதனை.

வறுத்தால் போய்விடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகாது. வேர் இன்னும் பின்னால் இருக்கிறது: பயிரின் கடைசிக் கட்டத்தில் வறட்சி, பறித்த கடலையைச் சரியாகக் காயவைக்காதது, ஈரத்தோடு மூட்டை கட்டுவது. ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சரக்கை நல்ல விலைக்கு வருகிறதே என்று வாங்கிப் போட்டுவிட்டு சார்ட்டரை நம்பாதீர்கள். ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் சார்ட்டர் விலையில் ஒரு தூசு. அதை முதலில் வாங்குங்கள்.

---

சும்மா_வந்தவன் எழுதியது:

எல்லோரும் சீரியஸாகப் பேசுகிறீர்கள். 2023இல் கோகோ கோலா "ஒய்3000" என்று ஒன்று விட்டார்களே, ஏஐ உதவியோடு செய்த எதிர்காலச் சுவை என்று. அந்த மாதிரி "ஏஐ கடலை மிட்டாய்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். மிஷின் செலவு மிச்சம் :)

---

பால்பண்ணை_டெக்னீஷியன் எழுதியது:

ஸ்டிக்கர் தம்பி, எங்கள் பிளாண்டுக்கும் அப்படி விற்க வருகிறார்கள்.

பால் பதப்படுத்தும் ஆலையில் தானியங்கி என்பது ஏஐ என்ற பேச்சு வருவதற்கு ரொம்ப முன்பே வந்துவிட்டது. பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி 15 வினாடி அப்படியே வைத்திருக்க வேண்டும். சூடு குறைந்தால் ஒரு வால்வு தானாகத் திரும்பி, அந்தப் பாலைப் பேக்கிங் பக்கம் விடாமல் திரும்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். இதில் யூகம் கிடையாது, "97 சதவீதம் நம்பிக்கை" கிடையாது. 72 இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். அந்த இடத்தில் கற்றுக்கொள்ளும் மென்பொருளை வைக்கிறேன் என்று எவராவது வந்தால் நான் கேட்டைத் திறக்கமாட்டேன்.

அதற்காக எங்கேயும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய், தொட்டி கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சிஐபி என்போம். தண்ணீர், காஸ்டிக், தண்ணீர், ஆசிட், மறுபடி தண்ணீர். எத்தனை நிமிஷம் என்பது எப்போதோ ஒருவர் பயத்தில் கூட்டி வைத்த கணக்கு, அதையே எல்லா நாளும் ஓட்டுகிறோம். திரும்பி வரும் தண்ணீரின் மின்கடத்துத்திறன், கலங்கல் இவற்றைப் பார்த்து எப்போது நிறுத்தலாம் என்று சொல்ல ஒரு மிஷின் இருந்தால் தண்ணீர், சூடு, கெமிக்கல் எல்லாம் மிச்சம். குளிர்பதன கம்ப்ரசரின் அதிர்வைப் பார்த்து பேரிங் போகப் போகிறது என்று முன்கூட்டிச் சொல்வதும் அப்படித்தான். யூகம் தப்பினால் காசு கொஞ்சம் போகும், யாருக்கும் வயிறு கெடாது.

கிராமத்துச் சங்கங்களில் பால் சோதிக்கும் மிஷின் கதை வேறு. விவசாயி கண்ணெதிரே கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) திரையில் வரும், காசும் அதை வைத்துத்தான். மிஷினை அளவு சரிபார்க்காமல் விட்டால் மாசக்கணக்கில் ஒருவருக்குக் குறைத்துக் காட்டும். அவர் யாரிடம் போய்க் கேட்பது? மிஷின் சொல்லிவிட்டது என்றால் செயலாளரும் கையை விரித்துவிடுகிறார். ஒரு பாட்டில் பாலை, ஆசிட் ஊற்றிக் கொழுப்பை அளக்கும் கெர்பர் முறையில் போட்டுப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். ஆனால் போட்டுப் பார்க்க ஆள் இருக்க வேண்டுமே. உங்கள் சார்ட்டருக்கும் அப்படி ஒரு சரிபார்ப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஃபுகுவோகா_தமிழன் எழுதியது:

இங்கே நடந்தது ஒன்று இந்த இழைக்குப் பொருந்தும். க்யூப்பி என்று ஜப்பானில் பெரிய உணவுக் கம்பெனி, மயோனைஸுக்குப் பேர் போனது. சாகா மாகாணத்தில் தோசு ஊரில் அவர்கள் ஆலை இருக்கிறது. குழந்தை உணவுக்குப் போகும் உருளைக்கிழங்குத் துண்டுகளை ஆட்கள் நின்று கண்ணால் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் துண்டுகள்.

பிரெயின்பேட் என்ற கம்பெனியோடு சேர்ந்து கூகுளின் டென்சர்ஃப்ளோ என்ற மென்பொருளை வைத்து இதற்கு ஏஐ செய்தார்கள். இதில் சுவாரசியம், என்னென்ன மாதிரி கெட்டுப்போகும் என்று மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனால் அதற்கு முடிவே இல்லை. கறுத்தது, பச்சையானது, தோல் ஒட்டியது, இன்னும் யாரும் பார்த்தே இராதது என்று வந்துகொண்டே இருக்கும். அதனால் திருப்பிப் போட்டார்கள். நல்ல துண்டு எப்படி இருக்கும் என்று மட்டும் கற்றுக் கொடுத்து, அதிலிருந்து விலகுவதையெல்லாம் தள்ளச் சொன்னார்கள். நல்லதற்குப் படம் எடுக்கக் கஷ்டமே இல்லை, அது தினமும் மலைபோல் வருகிறது.

கரிசல் அண்ணா, உங்கள் கம்பெனிக்காரரிடம் "கெட்டதைக் கற்றுக்கொடுத்தீர்களா, நல்லதைக் கற்றுக்கொடுத்தீர்களா, யாருடைய கடலையில்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

---

கோடர் சொன்னதற்கு அடுத்து தீப்பெட்டி_ஊர்க்காரி எழுதியது:

> ஆட்கள் 30 கிலோவை மட்டும் பார்த்தால் போதும்

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு டன்னைப் பொறுக்கிக்கொண்டிருந்த மீதிப் பேர் என்ன ஆவார்கள் என்று இத்தனை பதிவில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே? என் அம்மா கடலை பொறுக்கித்தான் என்னைக் காலேஜ் படிக்க வைத்தார். தரையில் சாக்கு விரித்து நாள் முழுக்க உட்கார்ந்த இடுப்பு இன்றைக்கும் அவருக்கு நிமிரவில்லை. அந்த வேலை போகக் கூடாது என்று அழமாட்டேன், போகட்டும். ஆனால் அவர்களையும் சேர்த்து அனுப்பாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. அம்மா கடலையைக் கையில் அள்ளும்போதே "இது பழைய சரக்கு, கசக்கும்" என்பார். எண்ணெய் சிக்கு வாடை. நிறத்தில் ஒன்றுமே தெரியாது. உங்கள் கேமராவுக்கு அது தெரியுமா?

---

முறுக்கு_முதலாளி எழுதியது:

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலாளி பக்கத்தையும் கேளுங்கள். பொறுக்க ஆள் இருந்தால் யார் இவ்வளவு பெரிய கடனுக்குப் போகப் போகிறார்கள்? பண்டிகை நேரத்தில்தான் எங்களுக்கு ஆர்டர் குவியும், அப்போதுதான் அவர்களுக்கும் வீட்டில் வேலை. இளம் பெண்கள் இந்த வேலைக்கு வருவதே இல்லை. வரச் சொல்லவும் வாய் வரவில்லை. இருக்கிறவர்களுக்கு வயதாகிறது, கண் பார்வை குறைகிறது. மிஷின் வராவிட்டால் இன்னும் சில வருஷத்தில் யூனிட்டையே பூட்டுவேன். அப்போது மீதி வேலையும் சேர்ந்து போகும்.

---

தீப்பெட்டி_ஊர்க்காரி எழுதியது:

சார், கூலியைக் கூட்டிப் பார்த்தீர்களா? நாற்காலி, மேஜை, நல்ல வெளிச்சம் போட்டுப் பார்த்தீர்களா? அதற்குப் பிறகும் ஆள் வரவில்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

---

கண்ணாடி_கோடர் எழுதியது:

அக்கா கேட்டதற்கு நேரான பதில்: தெரியாது. சிக்கு வாடை நிறத்தில் இல்லை, எங்கள் கேமராவுக்கு அது கண்ணிலேயே படாது. பழைய சரக்கைப் பிரிப்பது வாங்கும் இடத்தில், மூக்கும் லேபும் பார்க்க வேண்டியது.

அவர் அம்மாவைப் போன்றவர்கள் இந்த வேலையில் இன்னொரு இடத்திலும் வேண்டும். நல்லது, கெட்டது என்று படத்துக்கு அடையாளம் போட்டால்தான் மிஷின் கற்கும். பெரும்பாலும் அதைச் செய்வது கடலையைக் கையால் தொடாத பையன்கள், ஏசி அறையில். ஒரு இடத்தில் நாங்கள் மாற்றிப் பார்த்தோம். அனுபவமுள்ள பொறுக்குகிற பெண்கள் இரண்டு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே படங்களுக்கு அடையாளம் போடச் சொன்னோம். கருப்பு, சொத்தை எல்லாம் இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். லேசாகச் சிவந்தது, நுனி மட்டும் கருகியது வந்ததும் ஒருவர் தள்ளினார், மற்றவர் "இது மிட்டாய்க்குள் போனால் தெரியவே தெரியாது, ஏன் தள்ளுகிறாய்?" என்றார். சண்டையே வந்துவிட்டது. அந்தச் சண்டையை முடிக்காமல் மிஷினிடம் விட்டால் அது எப்படி முடிக்கும்? கடைசியில் முதலாளிதான் வந்து எதுவரை சிவப்பு ஏற்கலாம் என்று ஒரு தட்டில் கடலையை வரிசையாக ஒட்டிவைத்து முடிவு சொன்னார். அந்தத் தட்டு இன்றும் அங்கே சுவரில் இருக்கிறது.

சொல்ல மறந்தது: அந்த வேலைக்கு அவர்களுக்குத் தனிச் சம்பளம் போடச் சொல்லுங்கள். மென்பொருள்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் அது ஒரு மூலைக்குக்கூட வராது.

---

பேக்கிங்_மெக்கானிக் எழுதியது:

காசை வேறு எதில் போடலாம் என்று கேட்டீர்கள் அல்லவா, யாருமே பதில் சொல்லவில்லை. நீங்கள் வறுத்த கடலை, கடலை உருண்டை பாக்கெட்டும் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். 200 கிராம் பாக்கெட்டில் உண்மையில் எவ்வளவு போகிறது? எடை குறைந்தால் அதிகாரி பிடிப்பாரே என்ற பயத்தில் கையால் நிரப்புகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே போடுவார்கள். சராசரி 206 கிராம் என்றால், நாளைக்கு 10,000 பாக்கெட்டுக்கு 60 கிலோ இலவசமாகப் போகிறது. வருஷம் முழுக்கக் கூட்டுங்கள்.

சட்டப்படி 200 கிராமுக்கு ஒரு தனிப் பாக்கெட்டில் 9 கிராம் வரை குறைந்தால் ஏற்கப்படும், ஆனால் லாட்டின் சராசரி 200க்குக் குறையக் கூடாது. ஆகவே தேவை ஒரே சீரான எடை. அதற்கு மல்டிஹெட் வெய்யர் என்ற எடை மிஷின் இருக்கிறது. 14 வாளி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கடலை. எந்தெந்த வாளியைச் சேர்த்தால் 200க்கு மிக நெருங்கும் என்று மிஷின் கணக்குப் போட்டு அவற்றை மட்டும் திறக்கும். 14 வாளிக்கு 16,383 சேர்க்கை உண்டு, கண்மூடித் திறப்பதற்குள் பார்த்துவிடும். 1972இல் ஜப்பானில் இஷிதா கம்பெனி இதை முதலில் செய்தது, எதற்குத் தெரியுமா? குடமிளகாயை எடை போட்டுப் பாக்கெட் கட்ட. வெறும் கூட்டல்தான், ஏஐ என்று யாரும் சொல்லவில்லை. இன்று வந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார்கள்!

என்னைக் கேட்டால் முதலில் ஈரப்பத மீட்டர், அப்புறம் எடை, அதற்கப்புறம்தான் கேமரா.

---

பாகு_மாஸ்டர்_மகன் எழுதியது:

பொறுக்குவது, எடை போடுவது சரி. பாகை மறந்துவிட்டீர்களே. எங்கள் அப்பா பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தரையில் தட்டிப் பார்ப்பார். 'டக்' என்று உடைந்தால் பதம். வெப்பமானி வைத்துத் தானியங்கியாகச் செய்யலாம் என்று ஒருவர் வந்து நிறையப் பேசினார். சர்க்கரைப் பாகுக்கு அது ஓடும். வெல்லத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒரு லோடு வெல்லத்தில் இருக்கும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் அளவு அடுத்த லோடில் இருக்காது. ஒரே டிகிரியில் இறக்கினாலும் ஒன்று நொறுங்கும், இன்னொன்று பல்லில் ஒட்டும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து இன்னும் மோசம்.

ஆனால் அப்பா கண்ணையும் கையையும் வைத்து எந்த லோடை எந்தச் சூட்டில் இறக்கினார் என்பது ஒரு நோட்டில்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயம். இப்போது ஒரு வெப்பமானி வைத்து, அப்பா "இறக்கு" என்று சொல்லும்போது டிகிரியையும், வெல்லம் எந்த மண்டியிலிருந்து வந்தது, அன்றைக்கு வெயிலா மழையா என்பதையும் எழுதிவருகிறேன். ஏஐயிடம் பிறகு கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். எழுதாவிட்டால் கொடுக்க ஒன்றுமே இருக்காது.

---

குன்னூர்_இலை எழுதியது:

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையிலும் கலர் சார்ட்டர் உண்டு, தூளிலிருந்து காம்பையும் நாரையும் பிரிக்க. நன்றாக வேலை செய்கிறது. இலை எந்த நேரத்தில் சரியாகப் புளித்தது என்று வாசனையை வைத்துச் சொல்ல கொல்கத்தா சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையத்தில் ஒரு மின்னணு மூக்கு செய்தார்கள். ஊர்க்காரி அக்கா கேட்ட சிக்கு வாடைக்கும் அந்த வழியில் யாராவது செய்யலாம். ஆனால் ஏலத்துக்கு முன் இன்றும் டேஸ்டர்தான் வாயில் ஊற்றிப் பார்த்து விலை சொல்கிறார்.

---

நெட்வொர்க்_ராஜா எழுதியது:

சின்ன எச்சரிக்கை. "எங்கள் ஆபீஸிலிருந்தே மிஷினைப் பார்த்துக்கொள்வோம், எப்போதும் இணையத்தில் இருக்கட்டும்" என்பார்கள். 2021 மே கடைசியில் ஜேபிஎஸ் என்ற உலகப் பெரிய இறைச்சிக் கம்பெனியின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கி, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆலைகளில் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி அவர்களுக்கு 1.1 கோடி டாலர் கொடுத்தது. உங்கள் யூனிட்டை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள், இந்தத் திருடர்கள் ஆள் பார்த்து வருவதில்லை. சர்வீஸ் நேரத்தில் மட்டும் கேபிளைச் செருகுங்கள், முடிந்ததும் உருவுங்கள். பில்லிங் கம்ப்யூட்டரும் மிஷினும் ஒரே லைனில் இருக்க வேண்டாம்.

---

கரிசல்கடலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜப்பான் தம்பி சொன்னபடி கேட்டேன். "எல்லா நட்ஸுக்கும் பொதுவான மாடல்" என்றார். முந்திரியில் கற்றுக்கொண்டதாம். சரி, அங்கேயே புரிந்துவிட்டது.

ஈரப்பத மீட்டருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. எடை மிஷினுக்கு விலை கேட்டிருக்கிறேன். இந்த வாரம் பாக்கெட்டைத் தூக்கி எடை போட்டுப் பார்த்தேன், மெக்கானிக் சொன்ன 206ஐ விட எங்களுடையது மோசம். சார்ட்டரை விட்டுவிடவில்லை. எங்கள் சரக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் டெமோ இடத்துக்கே போகிறோம். உள்ளூர்க் கடலை ஒரு மூட்டை, குஜராத் கடலை ஒரு மூட்டை, கோடவுனில் கிடந்த பழசு ஒரு மூட்டை. எங்கள் யூனிட்டில் பொறுக்குகிற பெரியம்மா ஒருவரையும் கூட்டிப்போகிறேன், ரிஜெக்டை அவர்தான் பார்ப்பார். முதலில் தயங்கினார், கூலியோடு என்றதும் சரி என்றார். ஊர்க்காரி அக்காவுக்குத் தகவலுக்காக: சார்ட்டர் வந்தாலும் அவர்களுக்குப் பேக்கிங்கில் இடம் இருக்கிறது, ஆர்டர் வந்தால் அங்கே ஆள் போதாது.

செல்வி மேடம், மாதிரி எப்படி எடுப்பது?

---

செல்வி_லேப் எழுதியது:

சார்ட்டருக்கு முன், பின், ரிஜெக்ட் மூன்றிலும் தனித்தனியாக எடுங்கள். ஓடும்போதே, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக. மூட்டையின் மேலிருந்து அள்ளாதீர்கள். மூன்றையும் சேர்த்து அரைத்துக் கொண்டுவந்துவிடாதீர்கள், அப்படியும் ஒருவர் செய்திருக்கிறார். ரிஜெக்டில் நச்சு அதிகமாகவும், பின்னால் வந்ததில் குறைந்தும் இருந்தால் மிஷின் வேலை செய்கிறது. மூன்றிலும் ஒன்றுபோல இருந்தால் அது நிறத்தை மட்டும் பிரித்திருக்கிறது.

---

காங்கேயம்_அரிசிமில் எழுதியது:

தம்பி, டெமோவில் மிஷினைக் கால்வாசி வேகத்தில் ஓட்டுவார்கள். அப்போது எந்த மிஷினும் தங்கம்தான். உங்களுக்கு மணிக்கு எத்தனை கிலோ வேண்டுமோ அந்த வேகத்தில் ஓட்டச் சொல்லுங்க, கூடவே நின்று வெளியே வருவதைத் தராசில் போடுங்க. காலையில் துடைத்த கண்ணாடியோடு பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீங்க. சாப்பிட்டுவிட்டு வந்து சாயங்காலமும் ஒரு மூட்டை ஓட்டச் சொல்லுங்க, நடுவில் யாரும் கண்ணாடியைத் துடைக்காமல்.